ருகோயா பெயரில் ஒரு ஈஸ்ட்

இந்தோனேசியாவில் பாண்டுங் நகருக்குப் போகும் சாலையோரம், மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைத்து 'பெயும்' என்று கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பவள் ருகோயா. விலை கேட்டவனையும் வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் விலை சொல்லுவாள். ஆராய்ச்சிக்கூடத்து ஹெர்லான் ஒருநாள் அவளிடம் ஒரு துண்டு வாங்கிப் போனார். இரண்டு வருஷம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“அக்கா, உங்க கிழங்கைப் புளிக்க வைக்கிறது இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காத ஒரு ஈஸ்ட். உங்க பேரையே வெச்சுட்டேன்.”

“கிருமிக்கா?”

“நல்ல கிருமிதான். பேர்ல முதல் பாதி அதோட குலம், ரெண்டாவது பாதி நீங்க. பொம்பளைப் பேர்னா லத்தீன்ல கடைசியில ஒரு வால் சேரும். ருகோயாயே.”

“எனக்கே ஒத்தைப் பேரு, அதுக்கு ரெட்டைப் பேரா? பேர் வைக்கிறதுன்னா ஆடு அறுக்கணுமே, அறுத்தாச்சா?”

பத்திரிகையில் 'ருகோயா கிருமி' என்று செய்தி வந்தது. அந்த வாரம் கிழங்கு தொங்கியபடியே கிடந்தது. அந்தம்மா பேரில் ஏதோ நோயாம் என்று பஸ்காரர்கள் நிறுத்தாமலே போனார்கள். ருகோயாவுக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. ஆனாலும் பெயின்டரைக் கூப்பிட்டு, 'தன் பெயரிலேயே ஈஸ்ட் உள்ள ஒரே கடை' என்று பலகை எழுதி மாட்டினாள். கார்கள் நின்றன. ஜகார்த்தாக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மீன்கடையில்கூட லத்தீன் வாலோடுதான் தன் பேரைச் சொன்னாள்.

அடுத்த முறை ஹெர்லான் முகம் தொங்கி வந்தார். மரபணுவை ஒப்பிட்டால், எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் வண்டின் குடலில் கண்டு பெயரிட்டதும் இதுவும் ஒன்றேதானாம். முதலில் வைத்த பேர்தான் நிற்குமாம், அதுதான் விதியாம்.

“அப்போ என் பேரு?”

“அந்தப் பழைய பேருக்கு அடியில, இப்படியும் சொன்னதுண்டுன்னு ஒரு வரி இருக்கும்க்கா.”

“வண்டுக் குடலா” என்றாள் ருகோயா. அன்று முழுக்க எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள். பலகையை மட்டும் இறக்கவில்லை. “பேரு அவங்க குடுத்தது, எடுத்துக்கிட்டாங்க. பலகை நான் எழுதினது.”

போன மாதம் ஹெர்லான் மறுபடி வந்தார். இரண்டும் வேறு வேறாகவே இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறதாம். இன்னொரு துண்டு வேண்டுமாம். பெரிய துண்டாகப் பார்த்துக் கொடுத்தாள்.

“பிரிஞ்சுதுன்னா பழையபடி உங்க பேரே வந்துரும்க்கா.”

“வேணாம் சார். இந்தத் தடவை என் மருமக பேரை வெச்சிடுங்க. வீட்டுல எல்லாத்தையும் புளிக்க வைக்கிறது அவதான்.”

விதி அதற்கு இடம் தராது என்று அவர் விளக்கத் தொடங்கினார். அதற்குள் ஒரு பஸ் வந்து நிற்கவே, ருகோயா இரண்டு கொத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள்.