செல்லப்பாவின் ஆகாசக் கணக்கு

தென்காசியில் செல்லப்பாவுக்கு மட்டமாகத் தெரியாத மனுஷன் ஒருத்தன்கூட இருந்ததில்லை. குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், "எண்ணெயை அப்பிக்கிட்டுத் தண்ணிக்குக் கீழ தலையைக் குடுக்கதுக்கு மெட்ராஸ்லருந்து வாரானுவ பாரு, வெறுவாக்கலங்கெட்ட பயலுவ" என்பார். ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்பவர்களைக் கண்டால் காறித் துப்பாத குறைதான். கட்டின பெண்டாட்டி அகிலாண்டத்தைக்கூட மூதி என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். இத்தனைக்கும் ஆள் என்ன, ஜில்லா கலெக்டரா? ஒரு அரசாங்க ஆபீஸில் மழைக்கணக்கு எழுதுகிற குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்.

அந்தத் திமிருக்குக் காரணம் மேலே வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இளவயதில் தந்தி ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி இரண்டு தரமும் குப்புற விழுந்தவர் செல்லப்பா. "உனக்குக் காது உதவாதுய்யா" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வேலை கிடைக்கவில்லை, தந்திக்காரர்களின் மோர்ஸ் பாஷை மட்டும் தங்கிவிட்டது. அதிலும் எண்கள்தான் ஒழுங்காகப் பிடிபடும். எழுபதுகளின் கடைசியில், கடையநல்லூர் அப்துல் மஜீது துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய ரேடியோப் பெட்டியை வாங்கினார். மொட்டைமாடியில் நீளமாகக் கம்பி கட்டினார். பொழுதுபோக்குக்காக ரேடியோ நடத்துகிற அமெச்சூர்காரர்கள் கூட்டுச் சேர்ந்து மேலே விட்டிருந்த ஒரு சின்னச் செயற்கைக்கோளின் குரல் எப்படியோ அதில் அகப்பட்டுவிட்டது.

காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்புமுன் அது ஊரைத் தாண்டும். முதலில் மோர்ஸில் 'ஹாய் ஹாய்' என்று கூப்பிடும். பிறகு வரிசையாக எண்கள்: பேட்டரி எப்படி இருக்கிறது, உள்ளே எவ்வளவு சூடு, வெயில் தகட்டில் எவ்வளவு மின்சாரம். தன் உடம்பு நிலவரத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகிற சாமான். செல்லப்பா அதை எழுதி, வாராவாரம் மெட்ராஸ் ரேடியோ கிளப் ஒன்றுக்குக் கார்டு போடுவார். அவர்கள் அதை வெளிநாட்டு அமெச்சூர்காரர்களுக்கு அனுப்புவார்கள்.

ஆபீஸில் சும்மா விடுவார்களா? "என்ன அண்ணாச்சி, இன்னிக்கு ஆகாசத்துலருந்து தந்தி வந்துச்சா? சம்பளம் கூட்டுதாங்களாமா?" என்று தினமும் கிண்டல். பியூன் மாடன்கூடச் சிரிப்பான். செல்லப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்துமூன்று கோடையில் கிளப்பிலிருந்து ஆதித்தன் என்பவர் சொல்லியனுப்பினார். செயற்கைக்கோளின் பேட்டரி தளர்ந்துவிட்டது, விடாமல் கவனியுங்கள். தெற்கே நம்பகமான ஆள் ஒருத்தர் பெயரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறோம் என்று. போதாதா? அந்தப் பெயர் மட்டும் அச்சில் வந்துவிட்டால் ஆபீஸ் வாயையெல்லாம் ஒரே நாளில் அடைத்துவிடலாம். செல்லப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை ஹெட்போனை மாட்டினால் வெறும் இரைச்சல். மலை மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டார். மறுநாளும் இல்லை, மேகம் என்றார். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் மனுஷனுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டுமே. அடுத்த நாள் மாடிக்கு ஓடிப் பார்த்தால், கம்பியில் அகிலாண்டம் ஈரச் சேலையைக் காயப்போட்டிருந்தாள்.

"ஏட்டி மூதி, கூறு இருக்கா ஒனக்கு? இது என்ன கொடிக்கயிறா?"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். இப்பமாவது அது பேசுதா பாருங்க," என்றாள் அவள் அலுத்துப்போய்.

பேசவில்லை. ஊருலகத்துக்கெல்லாம் கேட்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை என்றே செல்லப்பா முடிவுகட்டிவிட்டார். இந்த ஆளுக்குக் காது உதவாது என்று மெட்ராஸும் சொல்லிவிட்டால்? அப்புறம் கை தானாக ஆபீஸ் வழக்கத்துக்குப் போனது. சாரல் காலத்தில் மாடன் நனைந்துகொண்டு மழைமானியைப் பார்க்கப் போகமாட்டான். நேற்றைய அளவில் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து ரிஜிஸ்டரில் அன்றைய கட்டத்தை நிரப்புவதுதான் அங்கே நடைமுறை. காலிக் கட்டத்துக்கு மெமோ வரும்; பொய்க் கட்டத்துக்கு இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை. அதே கையால் போன வாரத்து எண்களை அங்கங்கே மாற்றிக் கார்டில் வாரம் முழுக்க நிரப்பினார். பேட்டரி திடமாக இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்துத் தபாலில் போட்டார். ஊரையெல்லாம் மூதி என்கிற ஆள் செய்த வேலையைப் பாருங்கள்!

ஜூலையில் குற்றாலத்துக்கு வருவதாகவும் ஐந்தருவியில் பார்க்கலாம் என்றும் ஆதித்தன் கார்டு போட்டார். செல்லப்பா ஆபீஸில் மேஜை மேஜையாகப் போய், "மெட்ராஸ்லருந்து என்னையப் பாக்க ஆள் வருதுடே" என்றார். லீவு போட்டு, மாடனையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்.

வந்தவர் குளிக்கத்தான் வந்திருந்தார். இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அருவி இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. அதனால் வரிசை முழுக்கக் கேட்டது.

"உங்க கார்டு வந்துது சார்! ஆனா அந்த வாரம் சாட்டிலைட் செத்துப்போச்சே!"

"என்னது?"

"பேட்டரி போயிடுச்சு! உலகத்துல ஒருத்தருக்கும் ஒரு சத்தமும் வரலே. நீங்க மட்டும் ஒரு நாள் விடாம நம்பர் எழுதியிருக்கீங்க!"

மாடன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"நான் காதைக் குடுத்துத்தான் கேட்டேன் சார்," என்றார் செல்லப்பா. "சத்தியமா. ஆனா திங்கக்கிழமையிலருந்தே ஒண்ணும் வரல."

ஆதித்தன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "திங்கக்கிழமையா? முதல்ல கண்டுபிடிச்ச வெளிநாட்டுக்காரரே புதன்கிழமைதான் சார் கவனிச்சார். மத்தவங்க எல்லாம் தங்க ரேடியோதான் கோளாறுன்னு இருந்துட்டாங்க. 'ஒண்ணும் கேக்கலே'ன்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தா, முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான். பத்திரிகையில உங்க பேர்தான் சார் வந்திருக்கும்!"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அருவிக்குள் நுழைந்துவிட்டார். பாவி மனுஷன் செல்லப்பா! பிறந்ததிலிருந்து ஒருத்தரையும் மதிக்காதவர், அந்த ஒரு வாரம் தன் காதையாவது மதித்திருக்கலாம்.