செல்லத்தாயி தலையில நாலு ஸ்குரு

ஆஸ்பத்திரி ஆயா வேலையில பெட்பேன் எடுக்குறதெல்லாம் ஒண்ணுமில்ல, "இதக் கழட்டி விட்டுருங்க"ன்னு அழுகுற ஆளு பக்கத்துல கழட்டாம நிக்கிறதுதான் செரமம். சீக்காளிக்குத் துணையிருந்தவுகளுக்கு இத நான் சொல்லவா வேணும்.

செல்லத்தாயி சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில திரி ரூம்ல வேல பாத்தவ. கம்பெனி வேன்ல இருந்து எறங்கயில வழுக்கி விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சு எங்க விருதுநகர் வார்டுக்கு வந்தா. மண்டையச் சுத்தி ஒரு வளையம், அத மண்டையோட்டுல நாலு ஸ்குரு போட்டு நிறுத்தி, நாலு கம்பியால நெஞ்சுல ஒரு கெட்டிச் சட்டையோட பூட்டிட்டாக. மூணு மாசம் இருக்கணும். நடுவுல லூசாச்சுன்னா கையி காலு விளங்காமப் போயிரும்னு டாக்டரு நேராவே சொல்லிட்டாரு.

அந்தரத்துல தல

வளையம் மாட்டுனா தல மெத்தையில படாது. மொத ரெண்டு நாளு அவ கண்ண மூடல. எம் மகளும் மாசமா இருக்கயில இப்படித்தான், மருமகன் தலகாணியையும் புடுங்கி முதுகுக்கு வச்சுக்கிருவா, அவரு பாவம் கைய மடக்கி வச்சுத் தூங்குவாரு. அது கெடக்கட்டும். சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டு, ஒரு துண்டச் சுருட்டி, பிடரிக்கும் மெத்தைக்கும் நடுவுல சந்துல மெதுவாச் சொருகுனேன். தாங்குறதுக்கு இல்ல, சும்மா தொடுறதுக்கு. காலையில முழிச்சுச் சொன்னா: "தல எங்கயோ தனியாத் தொங்குச்சு ஆயாம்மா, நேத்துதான் எங்கிட்ட வந்து சேந்துச்சு."

தட்டிப் பாத்தவுக

ஞாயித்துக்கெளம கம்பெனிப் பொம்பளைக வந்தாக. ஒருத்தி, "இது எவர்சில்வராடீ?"ன்னு கம்பியத் தட்டிப் பாத்தா. நமக்கு 'டிங்'குன்னு கேக்குறது செல்லத்தாயிக்கு எலும்பு வழியா உள்ள இடி. அன்னையில இருந்து வாரவுகளக் கால்மாட்டுலதான் உக்கார வைப்பேன். திரும்ப முடியாதவளுக்கு அங்கன இருந்தாத்தான் மூஞ்சியும் தெரியும். தட்டுனவளுக்குச் செல்லத்தாயி சொன்னது: "இருக்கன்குடி கோயில் மணிய எம் மண்டைக்குள்ள கட்டிருக்காக, காணிக்கையப் போட்டுட்டுத் தட்டுடீ!"

காணாமப் போன ஸ்பேனர்

அந்தச் சட்டைக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்பேனர ஒட்டியே வச்சிருக்கணும். மூச்சு நின்னுச்சுன்னா டாக்டரு ஒடனே சட்டையத் தொறந்து நெஞ்ச அமுக்கணும்ல. ஒரு நா அதக் காணோம்! சிஸ்டர் என்னைய வஞ்ச வசவு கொஞ்சமில்ல. தேடுனா, வார்டு வாசல்ல செல்லத்தாயி செருப்புக்கிட்டக் கெடக்கு. புருசன்கிட்டக் குடுத்து வெளிய வைக்கச் சொல்லிருக்கா. திரி ரூமுக்குள்ள இரும்பு ஆகாது, உரசுனாப் பொறி. சாவி, ஊக்கு எதுனாலும் செருப்போட வெளியதான். இருபது வருசப் பழக்கம். "தலையில நாலு ஸ்குரு இருக்கேத்தா?"ன்னேன். "அது நான் கொண்டாந்தது இல்ல ஆயாம்மா, டாக்டரு கொண்டாந்தது."

புருசன் கொண்டாந்த ஸ்பேனர்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பெறகு பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஸ்குருவக் காட்ட வருவாக. அப்பிடி வந்த ஒரு நா, சித்திர வெயிலு. சட்டைக்குள்ள வேர்த்து அரிச்சு, ஊதுபத்திக் குச்சிய விட்டுச் சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கா. புருசன் கருப்பசாமி அச்சடிக்கிற பிரஸ்ல மிஷின் மெக்கானிக். பையில சொந்த ஸ்பேனரோட வந்துட்டாரு. "இன்னைக்கிக் கழட்டலேன்னா வீட்ல நானே கழட்டிருவேன். நாலு ஸ்குருதான, ரெண்டு நிமிசம்."

பழைய வேட்டிய நீளமாக் கிழிச்சு, நனைச்சு, ஒட்டப் புழிஞ்சு, முதுகுச் சட்டைக்குள்ள மேல விட்டுக் கீழ எடுத்தேன். மேல்முனைய அவரு கையில குடுத்தேன். நான் இழுக்க அவரு விட, அவரு இழுக்க நான் விட. பெறகு காஞ்ச துணியில ஒருக்க. பவுடர் போடக்கூடாது, கட்டியாயிரும். செல்லத்தாயி கண்ணு சொக்கிப்போய்ச் சொன்னா: "ஸ்பேனரப் போடுங்க அங்குட்டு, இதத் தெனமும் இழுங்க."

கழட்டுன அன்னைக்கி

தெனமும் இழுத்திருக்காரு. மூணு மாசமும் ஓடிருச்சு. எலும்பு கூடிருச்சுன்னு டாக்டரு ஸ்குருவத் திருக, செல்லத்தாயி புருசன் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. வெரலெல்லாம் நல்லா வேல செய்யுதுன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது ஸ்குருவுலயே கருப்பசாமிக்குக் கண்ணு இருட்டித் தரையில உக்காந்துட்டாரு. "ரெண்டு நிமிச வேலைன்னியேப்பா?"ன்னு தண்ணியக் குடுத்தேன். "மிஷினுல கழட்டும்போது அது நம்ம கையப் புடிச்சுக்கிட்டு இருக்காதுல்ல ஆயாம்மா."

இம்புட்டு வருசத்துல நான் கண்டது, சீக்காளிக்கு நாலு ஸ்குரு பூட்டுனா, கூட வந்தவுகளுக்கு எட்டுப் பூட்டணும்.