சுண்ணாம்புக்குள் சாமிகள்

பாரிஸில் என் மகன் ஒரே நாளில் மூன்று ஓவிய மியூசியம் காட்டினான். மூன்றாவதில் ஓர் அறைக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் புனேவில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில், பாவாடை கட்டிய சிறுமியாகிவிட்டேன்.

அம்மா பழைய காலண்டரைத் தூக்கிப்போட மாட்டாள். சாமி படத்தை வெட்டி, மைதாப் பசையால் சுவரில் ஒட்டிவிடுவாள். தினமும் குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு நெற்றிக்கும் குங்குமம் வைப்பாள். "இது வீடா, காலண்டர் கடையா?" என்று அப்பா கேலி பண்ணுவார்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தார். படங்களைக் கிழித்தால்தான் அடிக்க முடியும் என்றார். அம்மா சுவரை மறைத்து நின்றுகொண்டாள்.

"முருகனை எப்படிங்க கிழிக்கறது?" என்று அப்பாவிடம் கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அந்த மராட்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "ராஹூ தே, ஆயி" என்றார். இருக்கட்டும் அம்மா என்று அர்த்தம். சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு படத்தையும் சுற்றிச் சுற்றி அடித்தார். பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். சுண்ணாம்பு தடித்துத் தடித்து, சாமிகளெல்லாம் மாடத்துக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டார்கள்.

"அம்மா, தொடக்கூடாது!"

மகன் என் கையைப் பிடித்தான். எதிரே, குழந்தையை மடியில் வைத்த மேரி மாதா. கைப்பையிலிருந்த கோயில் குங்குமத்தை எப்போது எடுத்தேனோ, சிவந்த மோதிர விரல் அவள் நெற்றிக்கு நேரே நின்றது.

"காலையிலேர்ந்து அவளுக்கு யாரும் வைக்கலையேடா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. காவலாளியை ஒருமுறை பார்த்துவிட்டு, என் முன்னால் குனிந்தான்.

"எனக்கு வைம்மா."