பூட்டிய கம்பெனியின் மணி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது என் படிப்புக்காகத்தான் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பீற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது சித்திக்காக வந்தது. அம்மாவின் தங்கையான சித்தி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். கம்பெனியை இழுத்து மூடியதும் படப்பைக்கு வந்து எங்களோடு தங்கினாள். சாப்பிட்டாள், பாத்திரம் தேய்த்தாள். பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் நமக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பாள். இப்படியே விட்டால் தங்கை கைக்குக் கிடைக்கமாட்டாள் என்று அம்மா பயந்தாள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலியைக் கற்றுக்கொண்டால் ஏதாவது கடையில் கணக்கு எழுதலாம் என்றார் மாமா.

மாமா யோசனை சொன்னதோடு நிற்கிற ஆள் இல்லை. சித்தியின் கம்பெனிச் சாமான்களை ஏலத்தில் எடுத்திருந்த பழைய இரும்புக் கடைக்கே போய், ஒரு கம்ப்யூட்டரை ஸ்பீக்கரோடு தூக்கிவந்துவிட்டார். அது திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். திறந்தாலும் பாதியில் உறைந்து நிற்கும். சித்தி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தார்.

“ஹார்ட் டிஸ்க்கு கெயவனாயிடுச்சி. எஸ்எஸ்டி போட்டா பிச்சிக்கினு போவும் பாரு.”

“உள்ள கீறதெல்லாம் பூடாதாண்ணா?” என்று கேட்டாள் அம்மா.

“ஒண்ணும் பூடாது. அப்டியே காப்பி எடுத்துப் போட்டுடலாம்.”

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். இருப்பதை வீணாக்க மாமாவுக்கு மனசு வராது. பழையதை அப்படியே காப்பி எடுத்து, சோப்பு டப்பா மூடி அளவில் இருந்த எஸ்எஸ்டி என்கிற புது டிஸ்க்கைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. தானே அதைக் கண்டுபிடித்தவர் போல எங்களைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைக்காமலே எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

மணி இரண்டு ஆனபோது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மணியோசை கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக.

“முதல் ஷிஃப்ட் நிறைவடைகிறது. அனைவரும் வரிசையாக வெளியே செல்லவும். கம்பெனி பஸ்கள் தயாராக உள்ளன.”

பூட்டுப் போட்டு, உள்ளே புல் முளைத்துக் கிடக்கிற கம்பெனியின் மணி எங்கள் வீட்டில் அடித்தது. ஷிஃப்ட் மணி அடிக்கவென்று வைத்திருந்த கம்ப்யூட்டர் அது என்று பிற்பாடு மாமா கண்டுபிடித்தார். பழைய டிஸ்க் மணி அடிக்கிற வரைக்கும் போகாமலே உறைந்துவிட்டிருக்கிறது. அந்த நிமிஷத்தில் எங்கள் யாருக்கும் எதுவும் ஓடவில்லை.

சித்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். கை கழுவினாள். வாசற்படிக்குப் போய், கால்களைச் சற்று அகற்றி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். உள்ளங்கைகள் விரிந்திருந்தன. அப்படியே நின்றாள்.

“இன்னாடி ஆச்சு உனுக்கு?” என்றாள் அம்மா.

எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் கழித்து சித்தி என்னைக் கட்டிக்கொள்ளக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, பவ்யமான ஒரு குரலில் சொன்னாள்.

“ஒண்ணும் இல்ல மேடம். நல்லா பாத்துக்கோங்க.”

மூன்றாவது படிக்கிற என்னை மேடம் என்கிறாள். நான் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். மாமா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். சித்தியின் கைகள் மெதுவாக இறங்கின.

“ஏண்ணா நிறுத்தன? பஸ்ஸு பூடும்ல?”

அம்மா திருநீறு பூசி, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். மாமா கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அன்றே அழித்தார். சித்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள், டேலியும் கற்றுக்கொண்டாள், இப்போது ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறாள். முருகன் அருள் என்பாள் அம்மா. எஸ்எஸ்டி என்பார் மாமா.

போன வருஷம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தபோது, முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டினார்கள். என் முறை வந்தது, நானும் நீட்டினேன். எதையாவது எடுத்துப்போகிறேனா என்று பார்க்க, செக்யூரிட்டிப் பெண்ணின் கைகள் என் இடுப்பைச் சுற்றி வந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்றைக்கு நான் ஆசையாக ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது, சித்திக்கு அது யாருடைய கையாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.