கழற்றி வைத்த கதவு

என் மகளுக்கு வீசிங் உண்டு. அவளைப் பற்றி எதைச் சொல்ல வந்தாலும் எனக்கு இதுதான் முதலில் வாயில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியையிடம் இதைத்தான் சொன்னேன். சென்னைக்குப் படிக்கப் போனபோது விடுதிக் காப்பாளரிடமும் இதைத்தான் சொன்னேன். "மொதல்ல எம் பேரைச் சொல்லுங்கப்பா, அப்புறம் நோயச் சொல்லலாம்" என்பாள்.

நான் ஆலங்குடியில் வேதியியல் ஆசிரியர். அவளும் மருந்தியல் மாதிரி ஏதாவது படிப்பாள் என்று நினைத்திருந்தேன். கலை வரலாறு படித்தாள். அதோடு விடாமல் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தாள். தலைப்பு என்ன என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டுப் படக்கடை" என்றாள்.

படக்கடை என்று எங்கள் ஊரில் சொன்னது என் பெரியப்பா சென்னையில் நடத்திய ஓவியக் கேலரியை. அவர் அப்பாவுக்கு மூத்த அண்ணன். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் ஏதோ கம்பெனிக்குக் குமாஸ்தாவாகப் போனவர், வேலையை விட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்தார். அவருக்குக் கோடு போடக்கூட வராது. ஆனால் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, வரைந்ததை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அலைந்த பையன்களை அவருக்குத் தெரியும். கிளப்புகளில் துரைமார்களின் படம்தான் தொங்கும். வீடுகளில் சாமி படம் உத்தரத்தை ஒட்டிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரியப்பா சுவர் முழுக்க வெள்ளை அடித்து, படத்தைக் கண்மட்டத்துக்கு இறக்கி, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே வெற்றுச் சுவரை விட்டார். "எடம் வீணாப் போகுதே" என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். பிறகு வந்த கேலரிகள் எல்லாம் அப்படித்தான் மாட்டின. இன்றைக்கு எட்டாத விலைக்குப் போகும் பல ஓவியர்களின் முதல் கண்காட்சி அந்த சைக்கிள் கடை மாடியில் நடந்தது என்று மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பெரியப்பா காலண்டர் விற்கிறார் என்பதுதான்.

அவர் வாடகை வாங்குவதில்லை. காட்சி முடிந்து போகும்போது ஓவியர் ஒரு படத்தை விட்டுப் போக வேண்டும். அதுதான் கணக்கு. கடைசியில் கட்டடத்தை இடித்தபோது அந்தப் படங்கள் லாரியில் ஊருக்கு வந்தன. கூடவே ஒரு தேக்குக் கதவும் வந்தது.

கதவு வந்த கதை தனி. கேலரி தொடங்கிய புதிதில் ஆளே வரவில்லை. சாத்தியிருந்த கதவைத் தள்ளிப் பார்க்க நம் ஆட்களுக்குத் தயக்கம். உள்ளே யாரோ பெரிய மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று படியிலேயே திரும்பிவிடுவார்கள். பெரியப்பா ஒருநாள் கதவையே கழற்றி, இரண்டு முக்காலி மேல் போட்டு மேசையாக்கிவிட்டார். அதற்கப்புறம் கீழே பஞ்சர் ஒட்டுகிறவர்கள்கூடத் தண்ணீர் குடிக்க மேலே வந்து படம் பார்த்துவிட்டுப் போனார்களாம். அந்தக் கதவு மேல் டீ வைத்துக்கொண்டுதான் ஓவியர்கள் விடிய விடியச் சண்டை போட்டார்கள். கேலரி இருந்த வரைக்கும் அதற்குக் கதவே கிடையாது.

ஊரில் எங்கள் ஆட்கள் அந்தத் தேக்கைச் சும்மா விடுவார்களா. திருவரங்குளத்துக்கு வெளியே முந்திரிக் கொல்லையில் இருக்கும் பொதுவீட்டில், படங்களை அடைத்த அறைக்கு அதையே கதவாக்கிவிட்டார்கள். படச் சட்டங்களை உள்ளே நெருக்கி அடுக்கியிருந்ததால் கதவு உள்பக்கம் திறக்க இடமில்லை. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. படங்கள் மூன்று தம்பி வழிக்கும் பொது. எங்கள் வழிக்கு நான். இன்னொரு வழிக்கு என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, திருவரங்குளத்திலேயே இருக்கிறான். மூன்றாவது வழிக்காரர் துபாயில் இருக்கிறார். படங்களுக்கு விலை இருக்கிறது என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்கு மூன்று பூட்டு. ஒரு சங்கிலி, அதன் இரு முனைக்கும் நடுவே மூன்று பூட்டும் ஒன்றில் ஒன்று கோத்திருக்கும். யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். திறந்தவர் தன் பூட்டைக் கதவு வளையத்தில் தொங்கவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தொங்காமல் கதவு திறந்து கிடந்தால், பார்த்த பங்காளி ஒரு குரல் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் பூட்டிவிட வேண்டும். தனியாக எட்டிப் பார்த்தவன் மேல் நாளைக்குப் பழி விழும் அல்லவா.

போன மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படங்களைப் போட்டோ எடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூக்கை மூடத் துணி, தண்ணீர், அவளுடைய போன், இன்ஹேலர் பம்ப் எல்லாம் ஒரு பையில். நானே சரிபார்த்தேன். அறையில் மின்சாரம் இல்லை. அவள் கொண்டுவந்த விளக்கு பதினோரு மணிக்கே சார்ஜ் இறங்கிவிட்டது.

"கடைவீதில எமர்ஜென்சி லைட்டு கெடைக்குமாப்பா?"

"கெடைக்கும். நீயும் வா."

"நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க. நான் காதுல கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்." அந்தக் கேலரியில் அந்தக் காலத்தில் படம் வைத்த வயதான ஓவியர் ஒருவரைப் பேட்டி எடுத்திருந்தாள். அதைக் கேட்பதற்குத்தான் ரெக்கார்டரைக் காதில் மாட்டிக்கொண்டு, படங்களுக்குப் பின்னால் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

வெளியே வந்தேன். வளையத்தில் என் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் பூட்டு, அமுக்கினால் போதும், பூட்டிக்கொள்ளும். யாராவது வந்து விளையாட்டாகச் சங்கிலியில் மாட்டி அமுக்கிவிட்டால்? பிள்ளை உள்ளே இருக்கிறாளே? அப்படித் தோன்றியதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். இன்ஹேலரும் அவள் போனும் இருந்த பை, பைக்கில் மாட்டியிருந்தது. அது என்னோடு வந்துவிட்டது.

லைட் வாங்கி, இட்லி கட்டி, திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

என் பூட்டு இல்லாமலே சங்கிலி இறுக்கமாக இருந்தது. தம்பி தன் பூட்டைத் திறந்து சங்கிலியின் மறுமுனையில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். இருந்தது அவனுடைய பூட்டும் துபாய்ப் பூட்டும். என் கையில் என் பூட்டும் சாவியும். இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாவா?" உள்ளேயிருந்து குரல். நடுவில் ஒரு இழுப்பு. எனக்குத் தெரியும் அந்த இழுப்பு. அவளுடைய மூன்றாம் வயதிலிருந்து தெரியும்.

"தாயி, பதறாத. அப்பா வந்துட்டேன்."

"நான் பதறல. நீங்க பதறாதீங்க. பம்ப் எங்க?"

"என்கிட்ட இருக்கு."

உள்ளே இருமினாள். "வவ்வால் புழுக்கை எல்லாம் கலஞ்சிருச்சுப்பா. கதவத் தட்டித் தட்டி."

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அவன் மனைவியைக் கூப்பிட்டேன். "அவுக மச்சான் வீட்டுக்கு கட்டுமாவடிக்கு வண்டில போயிருக்காகளே அத்தான். சாவிக்கொத்து அவுக இடுப்புலதான் இருக்கும்." துபாய்க்காரருக்குப் போட்டேன். அங்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சாவி துபாயில். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். வழி கேட்டார்கள். கோயில், குளம், அங்கிட்டு மண்ரோடு என்று உளறினேன்.

கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன். கல்தான் உடைந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு காற்றுத் துளை, அதிலும் வவ்வாலுக்காகக் கம்பிவலை. அந்த வலையை அடித்த கூலியில் மூன்றில் ஒரு பங்கு நான்தான் கொடுத்தேன்.

கதவுக்கும் படிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. இன்ஹேலர் நுழையாது, வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவள் விரல்கள் வெளியே வந்தன. தரையில் படுத்து அவற்றைப் பிடித்தேன். மூச்சு முட்டினால் நகம் நீலமாகும், சின்ன வயதிலிருந்து அதைத்தான் பார்ப்பேன். அவள் கருநீலத்தில் நகச்சாயம் பூசியிருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் நிறம் பார்த்து உப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். என் பிள்ளையின் நகத்தின் நிறத்தைப் பார்க்க வழியில்லாமல் கிடந்தேன்.

படுத்தபடி அண்ணாந்தால் கண்ணுக்கு நேரே கதவு. பலகை முழுக்க டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, சில இடத்தில் காய்ந்த சிவப்புச் சாயம். அத்தனை வருஷம் போகவர இருந்த கதவில் அன்றுதான் அதைப் பார்த்தேன். அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வேறு எதையும் செய்ய முடியவில்லை.

"அப்பா." இப்போது ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "கீல்."

"என்ன தாயி? பேசாத. மெதுவா மூச்ச விடு."

"கீல். வெளில. இருக்கா?"

இருந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பதால் மூன்று பித்தளைக் கீலும் என் பக்கம்தான்.

"அந்த ஐயா சொல்றாரு. பேட்டில." இழுப்பு. "பெரிய தாத்தா. ஆணியத் தட்டி. உருவிட்டாராம். கதவு. தனியா வந்துரும்."

கதவு மறுபடி மாட்டப்படாமல் இருக்கப் பெரியப்பா அந்தக் கீலாணிகளைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவாராம். அதைத்தான் அவள் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், தம்பி வந்து குரல் கொடுத்தபோது.

பைக் டூல்ஸிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கீழ்க் கீலின் ஆணிக்கு அடியில் வைத்துக் கல்லால் தட்டினேன். அது கெட்டியாக நின்றது. என் விரலில் ஒரு அடி, ஸ்க்ரூடிரைவரில் ஒரு அடி. பிறகு அது லேசாகத் தலையைத் தூக்கியது. உருவினேன். நடு ஆணியும் வந்தது. மேல் ஆணி வரவில்லை. களிம்பு பிடித்துப் பச்சையாக இறுகியிருந்தது. ஆனால் கீழே இரண்டும் போனதும் கதவு கீல் பக்கம் விலகிக்கொடுத்தது. நிலையில் காலை ஊன்றி இழுத்தேன். கையகலம் திறந்தது. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. இன்ஹேலரை வைத்தேன். கை உள்ளே போனது.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு முறை.

அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் மேல் ஆணியை அடிக்க எனக்குக் கை வந்தது. அது தெறித்து விழுந்ததும் கதவு முழுசாக என் மேல் சாய்ந்தது. முதுகைக் கொடுத்துத் தாங்கினேன். அவள் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்து, முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து, நகச்சாயத்தைப் பார்த்துவிட்டு, "இதப் பாத்துதான அழுதீங்க?" என்றாள். நான் அழுதது எனக்குத் தெரியாது.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கியவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத சார் ஒடைக்கணும்?" என்றார். மகள்தான் இட்லியைக் காட்டி, "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

மதியத்துக்கு மேல் தம்பி வந்தான். வழியில் போனைப் பார்த்தவன் கட்டுமாவடி போகாமலே திரும்பியிருக்கிறான். சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தவன் அப்படியே நின்றான். சங்கிலி இருந்தது. இரண்டு பூட்டும் பூட்டியபடி இருந்தன. கதவு மட்டும் மறுபக்கமாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

"என்னண்ணே இது. பூட்டு பூட்டுனபடிக்கு இருக்கு, கதவு அங்கிட்டு நிக்கிது?"

"ஒரு எட்டு உள்ள பாத்திருக்கக் கூடாதாடா?"

"பாக்கலாமாண்ணே? குரல் குடுத்தேன். சத்தமில்ல. ஒங்க பூட்டத் தொங்கவிட்டிருந்தா நான் ஏன் தொடுறேன்?" அவன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினான். "நாளைக்கு ஒரு படம் கொறஞ்சா என் தலையிலதான வச்சுக் கட்டுவீக."

அவன் விதிப்படி நடந்தான். அந்த விதியை எழுதாமல் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மகள்தான் எழுந்து அவனைக் கூப்பிட்டாள். "வாங்க சித்தப்பா. இப்ப யாரும் தொறக்கல, பூட்டு பூட்டியே இருக்கு. பாத்தா பழி வராது." மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் உள்ளே போய், ஒரு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பெரிய படம். பழுப்பில் சில செங்குத்துக் கோடுகள், ஓரத்தில் ஒரு மஞ்சள். தம்பி வெகுநேரம் பார்த்தான்.

"இதுக்காண்ணே மூணு பூட்டு?" என்றான். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு முறை பார்த்தான். "அந்த மஞ்சள் நல்லாத்தான் இருக்கு."

அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து போட்டோ எடுத்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். அந்தப் படியைத் தாண்டி உள்ளே போக என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். மனைவி திட்டுகிறாள். மகள் விடுதியில் அறைக்கதவைச் சாத்தினால் எனக்கு இங்கே தெரிகிற மாதிரி இருக்கிறது. போனில் மூச்சைத்தான் கேட்கிறேன், பேச்சைக் கேட்பதில்லை என்று குறைபடுகிறாள். அது உண்மைதான்.

துபாயிலிருந்து தினமும் பேசுகிறார்கள். கதவு இல்லாமல் படங்கள் கிடக்கின்றன, சீக்கிரம் மாட்டுங்கள் என்கிறார்கள். தம்பி ஆசாரியைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். பழைய பித்தளைக் கீல், அதற்கேற்ற ஆணி இப்போது கிடைக்காது, அந்த மூன்று ஆணியும் இருந்தால் ஒரு மணி நேர வேலை என்றாராம். ஆணி எங்கே என்று தம்பி கேட்கிறான்.

கொல்லையில் எங்கேயோ விழுந்திருக்கும், தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் பேனாவோடு உரசிச் சத்தம் கேட்கிறது. சட்டையை மாற்றினால் அவற்றையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன்.