யாரும் வாங்காத டார்ச்சின் விலை

விலை கேட்பதுதான் அவர் உத்தியோகம், வாங்குவது அல்ல. மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று குறிப்பேட்டோடு கடைத்தெருவில் இறங்குவார். அதே கடை, அதே பொருள், அதே அளவு. சோப்பிலிருந்து செருப்புவரை இருநூற்றுப் பத்து விலைகளை அவர் குறித்துவர, போன வருடத்தோடு ஒப்பிட்டு, பணவீக்கம் இத்தனை சதவீதம் என்று அலுவலகம் நாட்டுக்கு அறிவிக்கும். கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் 'சும்மா கேக்கிறவர்'. நாட்டு விலைவாசியே தெரிந்த மனுஷனுக்கு வெங்காயம் வாங்கத் தெரியாது என்பது மனைவியின் தீர்ப்பு.

பட்டியலில் மூன்று பேட்டரி போடும் டார்ச் ஒன்று இருந்தது. போனே விளக்காக எரிகிற காலத்தில் அதை யார் சீந்துவார்? எலக்ட்ரிக் கடைக்காரரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஆறு வருடமாக நம்மவர் கேட்பார், அவர் தூசி தட்டி நானூறு என்பார்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது புது மேலதிகாரி வந்தார். கறாரான பெண்மணி. விற்காத பொருளுக்கு ஏது விலை என்று கேட்டார். அடுத்த மாதம் நேரில் வருவதாகவும், பில் புத்தகத்தில் ஒரு விற்பனையாவது இல்லாவிட்டால் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். விளக்கம் என்றால் ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கும்.

விற்காவிட்டால் விலை செல்லாது. விற்றுவிட்டால் விலை கேட்கப் பொருள் இருக்காது. பாம்பும் சாகவேண்டும், கம்பும் முறியக்கூடாது. நம்மவர் திங்கட்கிழமை தானே போய் டார்ச்சை வாங்கி, பில் போடவைத்து, மாலையே திருப்பிக் கொடுத்தார். மறுநாள் முறைப்படி விலை கேட்டார்.

"அறுநூறு."

"நேத்து நானூறுதானேப்பா?"

"நேத்துதான் ஒண்ணு வித்துச்சுல்ல? கிராக்கி வந்துடுச்சு அண்ணே."

"வாங்கினதே நான்தானே!"

"யாரா இருந்தா என்ன? ஆறு வருஷத்துல மொத ஆளு. ஏத்தலைன்னா நான் வியாபாரியா?"

கடைக்காரர் சொன்னதை எழுதவேண்டும் என்பது விதி. எழுதினார். அந்த மாத அறிக்கையில் கைவிளக்கு விலை ஐம்பது சதவீதம் எகிறியது. நிபுணர் ஒருவர் உலகச் சந்தையைக் காரணம் சொன்னார். இன்னொருவர் மக்களின் மனநிலை என்றார். பத்திரிகையில் படித்த மக்கள், ஏதோ இருட்டு வரப்போகிறது என்று முடிவுகட்டி டார்ச் தேடிக் கிளம்பினார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன், அண்ணனுக்காக எடுத்துவைத்தது என்று ஒருவருக்கும் தரவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாயன்று மேலதிகாரி வந்தபோது வாசலில் நாலு பேர் டார்ச்சுக்கு நின்றார்கள். பில்லைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். இவ்வளவு நேர்மையான விலையைத் தான் சந்தேகித்ததற்கு வருந்தினார். பிறகு, இத்தனை பேர் தவிக்கும் பொருள் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று, அண்ணனின் அதிகாரிக்கு மறுக்கமுடியாத கடைக்காரரிடம் தொள்ளாயிரம் கொடுத்து அதைத் தானே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நம்மவர் காலியான அலமாரியைப் பார்த்தார்; அடுத்த மாதம் விலை கேட்கப் பொருள் இல்லை.

மறுமாதம் இரண்டாவது செவ்வாய். அவர் கடைத்தெருவுக்குப் போகவில்லை. குறிப்பேட்டோடு மேலதிகாரியின் மேஜை முன் போய் நின்றார்.

"அதே பொருள் வேற எங்கயும் இல்ல மேடம். கட்டம் காலியா விட்டா நாம ரெண்டு பேரும் விளக்கம் எழுதணும்."

மேலதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். பையிலிருந்து டார்ச்சை எடுத்து ஒருமுறை எரித்துப் பார்த்தார்.

"ஆயிரத்து இருநூறு," என்றார். "அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

நம்மவர் எழுதிக்கொண்டார்.