உதவிக்குக் கூப்பிடும் பொத்தான்

அந்த விளையாட்டில் ஒரு மனிதர் பேருந்து நிலையத்தில் விழுந்து கிடப்பார். நாம் அவர் தோளைத் தட்ட வேண்டும். திரையின் மூலையில் இருக்கும் தொலைபேசிப் படத்தைத் தொட்டு உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். மூச்சிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நெஞ்சின் மேல் கட்டைவிரலால் சீராக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் ஓரத்தில் பச்சைக் கோடு ஏறும். பிசகினால் அவர் முகம் நீலமாகிவிடும். என் கையில் அவர் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை.

"மாமா, நீங்க மாவு பிசையுத மாதிரி அமுக்குதீய," என்றாள் அக்கா மகள்.

அவள் தென்காசியில் நர்சிங் படிக்கிறாள். நின்றுபோன இதயத்தை மீண்டும் ஓட வைக்கும் முதலுதவியைப் பழகுவதற்காக, மாணவிகள் எல்லோருடைய கைபேசியிலும் கல்லூரியில் இதை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி. ஆனால் அதே முதலுதவியை ரப்பர் பொம்மை மேல் செய்து காட்டும் தேர்வில் தவறியிருந்தாள். மறுதேர்வு அடுத்த வாரம். அதிலும் தவறினால் கூடப் படிப்பவர்கள் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அவள் மட்டும் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலிடத்தில் இருப்பவள் எப்படித் தவறினாள்? பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு இது சும்மா விட முடியாத கேள்வி. குத்துக்கல்வலசையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், செய்து காட்டச் சொன்னேன். பொம்மைக்குப் பதில் ஒரு தலையணை. மண்டியிட்டு அதைத் தட்டினாள். உடனே அவளுடைய கட்டைவிரல் காற்றில் எதையோ தொட்டுவிட்டுத் திரும்பியது. மூச்சுப் பார்த்தாள். கைகளை நேராக வைத்து, தாளம் தப்பாமல் அழுத்தத் தொடங்கினாள்.

"நடுவுல வெரல வச்சு என்ன செஞ்ச?"

அவளுக்கே தெரியவில்லை. மறுபடி செய்து பார்த்தாள். விரல் மறுபடி காற்றைத் தொட்டது.

"அய்யோ, போன் படம் மாமா! அந்தப் பட்டனத்தான் அமுக்குதேன். நீ யாரையுமே கூப்பிடலன்னு டீச்சர் சொன்னாவ. கூப்பிட்டேன்னு நான் சண்ட வேற போட்டேன்."

"இப்ப வாயத் தொறந்து கூப்பிடு."

தலையணையைப் பார்த்து என்னவோ சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். அத்தான் காவல் நிலையத்தில் ஏட்டு. "இந்த வீட்ல சத்தம் போடுத வேல அவ அப்பாவுக்கு மட்டும்தான். பொம்பளப் புள்ள சத்தம் வாசலத் தாண்டக் கூடாதுன்னு நான் வளத்தேன். இப்ப அதுக்குப் போயி மார்க்கு போடுதாங்க."

மொட்டை மாடிக்குப் போய் முயன்றாள். எதிர்வீட்டு அம்மாள் கம்போடு ஓடி வந்தார். "ஏட்டி, எங்கன கெடக்கு பாம்பு?" வயலை மனை போட்டு விற்ற இடம் அது. அங்கே பெண் கத்தினால் பாம்புதான். மாடிப் பயிற்சி அதோடு முடிந்தது.

குற்றாலம் போகலாம் என்றது அவள்தான். "அங்கன எல்லாரும் கத்துவாங்கல்லா. நானும் கத்துனா யாரு பாக்கப் போறா?"

சீசன் தொடங்கியிருந்தது. மேலகரத்திலேயே சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் அவள் போக, துண்டுக்கும் செருப்புக்கும் காவலாக நான் தள்ளி நின்றேன். தண்ணீருக்குள் அவள் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சுற்றி நின்ற அத்தனை பேருடைய வாயும் அப்படித்தான் இருந்தது.

நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தாள். "தொண்ட தொறந்துட்டு மாமா. ஆனா காப்பாத்துங்கன்னு கத்துனேன், ஒரு ஆளு வரல."

"அருவிச் சத்தத்துல கேட்டிருக்காது."

"பக்கத்துல நின்ன ஒரு அக்காவுக்குக் கேட்டுச்சே. சிரிச்சாவ. 'என்னையத்தான் கூப்பிடுதா'ன்னு யாருக்குமே தோணல."

துண்டால் தலையைத் துவட்டியபடி சுற்றிலும் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துவிடுபவர் ஒருவர் கடையோரம் நின்றிருந்தார். அவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பச்சக் கைலி அண்ணாச்சி! ஒங்களத்தான்! இங்கன வாங்க!"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "என்னம்மா, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கூப்பிட்டா வாரீயளான்னு பாத்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரு மயங்கிட்டாவளோன்னு பதறிட்டேன். நல்லாத்தான நிக்கீய? வந்தது வந்துட்டேன், எண்ணெயாவது தேச்சுக்கிடுங்க."

தேய்த்துக்கொண்டேன்.

மறுதேர்வை நான் பார்க்கவில்லை. அன்று மாலை அவள் தொலைபேசியில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சுவரோரம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பொம்மையின் தோளைத் தட்டினாள். கட்டைவிரல் பழக்கப்படி எழுந்ததாம். அதை மடக்கிக்கொண்டு, தேர்வாளரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கட்டம் போட்ட சட்ட சார்! ஒங்களத்தான்! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!"

அவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தும் விட்டார்.

"நெசமாவே போட்டுட்டாரா?"

"நம்பரத் தட்டிட்டாரு மாமா. டீச்சர் ஓடிப் போயி கையப் பிடிச்சாவ."

"அப்போ பாஸு?"

"பின்ன? திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போணும். வெள்ள ஷூ வாங்கணும், நாளைக்குச் சாயங்காலம் பஜாருக்கு வாரீயளா?"